பெயர் யாருடைய சொத்து?

"முந்திக்கொண்டான், கெட்டிக்காரன்!" என்றார் ஒரு தோழர்.

"முதுகில் ஏறிக்கொண்டான், திருடன்!" என்றார் மற்றொரு தோழர்.

அஞ்சுகிராமம் சந்திப்பிலே, தேநீர்க் கடையின் பலகையிலே, மாலை வேளையிலே மூண்டது இந்தச் சொற்போர். நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் கூடங்குளத்துக்கும் சாலைகள் பிரிகின்ற அந்த இடத்தில் தோழர்களின் கருத்தும் பிரிந்து நின்றது. இருவரும் படித்தவர்கள்; பகுத்தறிவு பேசுபவர்கள். கைப்பேசியில் பழைய செய்தியொன்றைப் படித்தனர்; ஒருவர் பாராட்டினார், ஒருவர் பழித்தார். முடிவில் நம் பக்கம் திரும்பி, "நீங்கள் சொல்லுங்கள், அவன் முதலீட்டாளனா, ஆக்கிரமிப்பாளனா?" என்று கேட்டனர்.

அன்று நாம் உடனே விடை கூறவில்லை. கேள்வி ஓர் இளைஞனைப் பற்றியது போலத் தோன்றிற்று; ஆனால் பெயர் என்பது யாருடைய சொத்து என்ற பெருங்கேள்வி அதற்குள்ளே புதைந்து கிடக்கிறது. அதனைத் தோண்டிப் பார்ப்போம்.

செய்தி இதுதான். ஜியோ என்பது ஒரு நிறுவனத்தின் பெயர். ஹாட்ஸ்டார் என்பது வேறொரு நிறுவனத்தின் பெயர். இரண்டும் ஒருநாள் இணையக்கூடும் என்று 2023-ஆம் ஆண்டிலேயே கணித்தார் தில்லியைச் சேர்ந்த மென்பொருள் இளைஞர் ஒருவர். இரு பெயரையும் ஒட்டி, 'ஜியோஹாட்ஸ்டார் டாட் காம்' என்னும் இணைய முகவரியைத் தம் பெயரில் பதிந்துகொண்டார். கணிப்புப் பலித்தது. 2024 அக்டோபரில் அந்த முகவரியிலேயே ஒரு திறந்த மடல் வெளியிட்டார்: "கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் நான் படிக்க விரும்புகிறேன்; அதற்காகும் செலவைத் தந்தால் முகவரியைத் தந்துவிடுகிறேன்." அவர் குறித்த தொகை 93,345 பவுண்டு, நம் நாட்டுக் கணக்கில் ஏறத்தாழ ஒரு கோடி ரூபாய். நிறுவனம் இசையவில்லை, சட்ட நடவடிக்கை வரும் என்ற பேச்சு எழுந்தது. பிறகு துபாயில் வாழும் சிறுவர் இருவர் அம்முகவரியை வாங்கினர். விலையேதும் இன்றியே நிறுவனத்துக்குத் தர முன்வந்தனர். 2025 பிப்ரவரியில் ஜியோஹாட்ஸ்டார் என்ற பெயரிலேயே இணைந்த சேவை தொடங்கிற்று.

நாடெங்கும் அப்போது நடந்த வாதம்தான் அஞ்சுகிராமத்துத் தேநீர்க் கடையிலும் நடந்தது. கெட்டிக்காரனா, திருடனா?

இணையப் பெயர் என்பது என்ன? கணினிகள் ஒன்றையொன்று எண்களால் அறிந்துகொள்கின்றன. மனிதனுக்கு எண்களை நினைவில் வைப்பது கடினம். ஆகவே எண்ணுக்கு மேலே ஒரு பெயரை ஒட்டினர். அதனை 'டொமைன்' என்பர். முதலில் கேட்டவனுக்குப் பெயர். அதுவே விதி. 1995 செப்டம்பர் வரை அதற்குக் கட்டணமும் இல்லை. இன்றும் பலவகைப் பெயர்களுக்கு ஆண்டுக் கட்டணம் ஆயிரம் ரூபாய் அளவில்தான் இருக்கிறது. ஆனால் ஒரு பெயரை இரண்டாம் ஆள் வாங்கும்போதோ விலை வானைத் தொடுகிறது! 'வாய்ஸ் டாட் காம்' என்னும் பெயர் 2019-இல் மூன்று கோடி அமெரிக்க டாலருக்குக் கைமாறிற்று. குரல் என்ற பொருளுடைய ஒரு சொல்லுக்கு அந்த விலை!

இதைக் கண்டவுடன் இரண்டு கட்சிகள் எழுந்தன. "வாங்குவது, காத்திருப்பது, விற்பது, இது முதலீடு, நிலம் வாங்கி விற்பவனைக் குறை கூறாதவர்கள் பெயர் வாங்கி விற்பவனை மட்டும் ஏன் குறை கூறவேண்டும்?" என்றது ஒரு கட்சி. "உழைக்காமல் உட்கார்ந்து பறிப்பது, இது ஆக்கிரமிப்பு" என்றது மறு கட்சி.

சொற்களையே சற்றுக் கவனியுங்கள், தோழர்களே! புறம்போக்கில் ஓலைக் குடிசை போட்ட ஏழைக்கு நாடு தந்திருக்கும் பட்டம் ஆக்கிரமிப்பாளன். சாலை வரும் என்று முன்கூட்டியே அறிந்து, நூறு ஏக்கரை வளைத்து, வேலி போட்டு, ஒரு விதையும் ஊன்றாமல் பத்தாண்டு காத்திருக்கும் செல்வருக்கு நாடு தந்திருக்கும் பட்டம் முதலீட்டாளர்! முன்னவன் அங்கே வாழ்கிறான். பின்னவர் அங்கே வாழ்வதுமில்லை, வாழ விடுவதுமில்லை. ஆளைப் பார்த்துப் பட்டம் சூட்டும் இந்தப் பழக்கம்தான் இணையப் பெயர் வழக்கிலும் நம் கண்ணை மறைக்கிறது. செய்தவன் யார் என்று பார்ப்பது வருணாசிரமப் பார்வை. செய்தது என்ன என்று பார்ப்பதே பகுத்தறிவுப் பார்வை. ஆகவே ஆளை ஒதுக்கிவிட்டுச் செயலைத் தராசில் இடுவோம்.

எந்தத் தராசு? நாம் ஒரே ஒரு கேள்வியைத் தராசாகக் கொள்கிறோம்: அந்தப் பெயருக்கு மதிப்பைத் தந்தது யாருடைய உழைப்பு?

அமெரிக்க நாட்டில் பனாவிஷன் என்பது திரைப்படக் கருவிகளால் புகழ்பெற்ற நிறுவனம். அதன் பெயரை இல்லினாய் மாநிலத்தார் ஒருவர் இணையத்தில் முன்னதாகப் பதிந்துகொண்டார். அந்த முகவரியில் அவர் வைத்தது என்ன? பானா என்னும் சிற்றூரின் படங்கள்! நிறுவனம் கேட்டபோது, 13,000 டாலர் தந்தால் தருவேன் என்றார். இவ்வாறு நூற்றுக்கு மேற்பட்ட பெயர்களை அவர் வளைத்திருந்தார். 1998-இல் அமெரிக்க மேல்முறையீட்டு மன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. இங்கே ஐயத்துக்கு இடமில்லை. பனாவிஷன் என்ற சொல்லை அவர் ஆக்கவில்லை. அதற்கு ஒளி ஊட்டவில்லை. அதனால் யாருக்கும் பயன் தரவுமில்லை. பிறர் வீட்டு வாசலில் படுத்துக்கொண்டு, வீட்டுக்காரன் உள்ளே போக வழிக்காசு கேட்டார். இது ஆக்கிரமிப்பு.

நம் சென்னையை ஒட்டியும் ஒரு வழக்குண்டு. சத்யம் இன்ஃபோவே என்னும் நிறுவனம் தன் பெயரின் எழுத்துகளைச் சேர்த்து 'சிஃபி' என்ற சொல்லைப் படைத்தது. அகராதியில் அதற்கு முன் அப்படியொரு சொல் கிடையாது. 1999-இல் அச்சொல்லைக் கொண்ட இணையப் பெயர்களைப் பதிந்தது. 2001-இல் வேறொரு நிறுவனம் 'சிஃபிநெட்' என்ற ஒலியுடைய பெயர்களைப் பதிந்து தொழில் நடத்திற்று. "எங்கள் பங்காளிகள் ஐவர்; ஐவரின் முதலெழுத்துகளையும் சேர்த்தோம்; இச்சொல் வந்தது" என்றது அந்த நிறுவனம். வழக்கு பெங்களூரில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை ஏறிற்று. 2004 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அந்த விளக்கத்தை ஏற்க மறுத்தது. இணையப் பெயர் வெறும் முகவரியன்று, ஒரு வாணிகத்தின் அடையாளமும் ஆகும். ஒருவன் சரக்கை மற்றவன் சரக்கென்று காட்டி விற்பதைத் தடுக்கும் சட்டம் அதற்கும் பொருந்தும் என்றது. இந்தியாவில் இத்துறைக்கு அடிப்படையாக நிற்பது அத்தீர்ப்பு.

"சொல்லைப் புதிதாகப் படைத்தவனுக்கு உரிமை, ஒப்புக்கொள்கிறோம். அகராதியில் உள்ள சொல்லாக இருந்தால்?" என்று கேட்பீர்கள். 1999-இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் அந்தக் கேள்வியும் எழுந்தது. யாகூ என்ற நிறுவனத்தின் பெயரோடு 'இந்தியா' என்று ஒட்டி ஒருவர் தளம் திறந்தார். "யாகூ என்பது அகராதிச் சொல், இணையத்துக்கு வருபவர்கள் படித்தவர்கள், ஏமாறமாட்டார்கள்" என்று வாதாடினார். மன்றம் ஏற்கவில்லை. அகராதிச் சொல்லேயானாலும், ஒருவர் உழைப்பால் அது மக்கள் மனத்தில் அவரையே குறிக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டால், அந்த வளர்ச்சியைக் களவாட யாருக்கும் உரிமையில்லை. படித்தவன் ஏமாறமாட்டான் என்பதோ பேதைமை! சோதிடனிடம் கையை நீட்டிக்கொண்டு நிற்கும் பட்டதாரிகளை நாம் அன்றாடம் காண்கிறோம் அல்லவா?

ஆக, பிறர் உழைப்பால் ஒளி பெற்ற பெயரை வளைப்பது களவு. உலக அளவில் 1999-இல் வகுக்கப்பட்ட தகராறுத் தீர்வு விதிகளும் இதனையே மூன்று கேள்விகளாகக் கேட்கின்றன. பெயர் பிறருடைய வணிகக் குறியை ஒத்திருக்கிறதா? பதிந்தவனுக்கு அதில் நியாயமான தொடர்பு ஏதும் இல்லையா? தீய நோக்கோடு பதிந்து தீய நோக்கோடு பயன்படுத்தினானா? மூன்றுக்கும் 'ஆம்' என்ற விடை வந்தால்தான் பெயர் பறிக்கப்படும். நம் நாட்டின் 'டாட் இன்' பெயர்களுக்கும் 2005 முதல் இதைப் போன்ற ஏற்பாடு இருக்கிறது.

இனி அடுத்த படிக்கு வருவோம். குரல், வயல், முத்து, நெல், மழை... இவை யாருடைய உழைப்பு? எந்த நிறுவனமும் இவற்றைப் படைக்கவில்லை. ஆயிரமாயிரம் ஆண்டுகளாக, பெயர் தெரியாத உழவனும் மீனவனும் தாயும் சேயும் பேசிப் பேசி வளர்த்த சொற்கள். இவற்றை ஒருவர் இணையத்தில் பதிந்து வைத்துக்கொண்டு விலை கூறுகிறார். இவர் திருடரா?

அல்லர். இதைத் தெளிவாகச் சொல்லவேண்டும். ஏனெனில் பொதுமக்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறுகிறார்கள். பெயர் விற்பவர் அனைவரையும் ஒரே கயிற்றில் கட்டி, திருடர் கூட்டம் என்று ஏசுகிறார்கள். தனி ஒருவரின் நற்பெயரைச் சுரண்டாமல், பொதுச்சொல்லை முறைப்படி பதிந்து, ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தி, கேட்பவருக்கு விற்பவரைச் சட்டம் குற்றவாளி என்பதில்லை. அவர் பக்கத்து நியாயத்தையும் நாம் கேட்கவேண்டும். "நூறு பெயர் வாங்குகிறோம், தொண்ணூறு விலைபோகாமல் கிடக்கும், நட்டம் எங்களுடையது. எந்தப் பெயர் நாளை வேண்டியிருக்கும் என்று கணிப்பதும் ஓர் அறிவே. நெல் வாணிகன் அறுவடையில் வாங்கிப் பஞ்சத்தில் விற்கவில்லையா?" என்கிறார்.

நெல்லின் கதையை நாஞ்சில் நாட்டாரிடம் சொல்லவேண்டுமோ? திருவிதாங்கூருக்கே நெற்களஞ்சியமாக விளங்கிய மண் இது. நெல் வாணிகன் வேறு, நெல் பதுக்குபவன் வேறு என்பதை இந்த மண் அறியும். வாணிகன் மிகுந்த காலத்து நெல்லைக் குறைந்த காலத்துக்குக் கொண்டு சேர்க்கிறான். வண்டி கட்டுகிறான், கிடங்கு கட்டுகிறான், எலியோடும் மழையோடும் போராடுகிறான். அவன் ஊதியத்தில் உழைப்பின் பங்கு உண்டு. பதுக்குபவனோ தட்டுப்பாட்டைத் தானே உண்டாக்கி, அதற்குத் தானே விலை வைக்கிறான். பெயர் வாணிகத்திலும் இந்த இரு வகையும் உண்டு. கைவிடப்பட்ட பெயரைத் தேடி எடுத்து, தேவைப்படுவோரைக் கண்டுபிடித்து, ஏற்ற விலைக்குக் கைமாற்றுபவர் ஒரு தரகர். தரகுக்குக் கூலி உண்டு. பத்தாயிரம் சொற்களைப் பூட்டி வைத்து, ஒன்றையும் தாமும் பயன்படுத்தாமல், புதிதாகத் தொழில் தொடங்கும் இளைஞனின் கழுத்தில் கை வைப்பவர், திருடர் அல்லரெனினும், சொல்லுலகின் மிராசுதார்!

"நட்டம் வரக்கூடிய தொழில் ஆயிற்றே" என்பது விடையாகாது. குதிரைப் பந்தயத்திலும் நட்டம் வரும். துணிவு வேறு, உழைப்பு வேறு.

"முந்தியவனுக்கு உரிமை" என்பதும் முழு விடையாகாது. நியாய விலைக் கடையில் வரிசை இருக்கிறது. முதலில் வந்தவன் முதலில் வாங்கலாம். அது வரிசையின் அறம். முதலில் வந்துவிட்டேன் என்பதற்காகக் கடையில் உள்ள அரிசி முழுவதையும் அள்ளிக்கொண்டு, பின்னால் நிற்பவனுக்கு ஐந்து மடங்கு விலை சொன்னால்? ஊர் பொறுக்குமா? யார் முதலில் வாங்குவது என்பதைத்தான் வரிசை தீர்மானிக்கும். எவ்வளவு வாங்குவது, எதற்கு வாங்குவது என்பதைத் தீர்மானிக்கும் உரிமையை வரிசைக்கு யாரும் கொடுக்கவில்லை.

பொதுப் பெயரைப் பொதுவாகவே வைத்துக்கொள்ளும் வழி நம் மண்ணுக்குப் புதிதன்று. 'நாஞ்சில்' என்றால் கலப்பை. நாஞ்சில் மனோகரன் என்றார் ஓர் அரசியல்வாதி. நாஞ்சில் நாடன் என்றார் ஓர் எழுத்தாளர். கடைக்காரர் ஒருவர் தம் பலகையில் எழுதினார். பேருந்துக்காரர் ஒருவர் தம் வண்டியில் எழுதினார். யாரும் யாரிடமும் பட்டா கேட்கவில்லை, பெயர் தேய்ந்துவிடவுமில்லை. பயன்படுத்தப் பயன்படுத்த வளர்ந்தது. கன்னியாகுமரி மாவட்டத்து மட்டி வாழைப்பழத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரின் மதிப்பு தனி ஒருவருடையதன்று. பல தலைமுறையாக அந்த வாழையை வளர்த்த உழவர் சமூகத்துடையது என்பதே அதன் பொருள். உழைப்பு கூட்டு உழைப்பானால் பெயரும் கூட்டுச் சொத்து. எவ்வளவு எளிய நியாயம்!

இதுவரை எளியவன் பெரியவனிடம் பறிப்பதையே பேசினோம். பெரியவன் எளியவனிடம் பறிப்பதில்லையா?

கனடாவின் வான்கூவர் நகரில் ஓர் ஓவியர். பெயர் மணி, முதலெழுத்துகள் ஏ, ஆர். நம் வழக்கப்படி எழுதிப் பாருங்கள்: ஏ.ஆர். மணி. புள்ளியை நீக்கி ஆங்கில எழுத்தில் சேர்த்தால் 'அர்மானி' என்றாகிறது! தம் பெயரையே அவர் இணையத்தில் பதிந்து வைத்திருந்தார். இத்தாலியின் ஆடை வேந்தரான அர்மானி நிறுவனத்தார் பாய்ந்து வந்தனர். உலக அறிவுசார் சொத்து அமைப்பின் நடுவத்தில் முறையிட்டனர். 2001-இல் அந்த முறையீடு தள்ளுபடி செய்யப்பட்டது. தாய்தந்தையர் இட்ட பெயரைத் தாங்கி நிற்கும் உரிமை, கோடிகளைக் கொட்டி விளம்பரம் செய்தவனின் உரிமைக்கு முன்னால் குனியவேண்டியதில்லை என்பதற்கு அது சான்று. முன்னே கண்ட ஐவரின் முதலெழுத்துக் கதையை மன்றம் ஏற்கவில்லை. இங்கே ஒருவரின் முதலெழுத்து நின்றது. எழுத்தைப் பார்த்து ஏமாறாமல் உண்மையைப் பார்த்தால் நீதி கிடைக்கும்.

தில்லி உயர் நீதிமன்றம் 2011-இல், அருண் ஜெட்லி என்னும் அரசியல் தலைவரின் பெயரில் பிறர் வைத்திருந்த இணையப் பெயரை அவருக்கே உரியதென்று காத்தது. நன்று. புகழ்பெற்றவரின் பெயருக்குக் காவல் கிடைத்தது. புகழில்லாதவனின் பெயருக்கு?

அஞ்சுகிராமத்திலிருந்து தொலைவில் இல்லை சாமித்தோப்பு. 1809-ஆம் ஆண்டு அங்கே பிறந்த ஒரு குழந்தைக்குப் பெற்றோர் 'முடிசூடும் பெருமாள்' என்று பெயரிட்டனர். தாழ்த்தி வைக்கப்பட்ட குலத்தில் பிறந்த பிள்ளைக்கு முடியா, பெருமாளா என்று உயர் சாதியார் சீறினர். பெயர் 'முத்துக்குட்டி' ஆயிற்று என்று வரலாறு பேசுகிறது. அந்த முத்துக்குட்டிதான் பின்னாளில் வைகுண்டர் என்று எழுந்து, சாதி ஆணவத்தை எதிர்த்து, குனிந்தவர்களைத் தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நிற்கச் சொன்னார். எண்ணிப் பாருங்கள், தோழர்களே! இணையம் இல்லை, பதிவாளர் இல்லை, கட்டணம் இல்லை. ஆனால் பெயர் ஆக்கிரமிப்பு இருந்தது! மொழியின் நல்ல சொற்களையெல்லாம் வளைத்து வேலி போட்டு, "இது எங்களுக்கு, மிச்சம் உங்களுக்கு" என்று ஒரு கூட்டம் கூறிற்று. உலகின் பழைய பெயர் ஆக்கிரமிப்பாளன் சாதிதான்!

"பெயரில் என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்களுக்கு இந்த மண் விடை சொல்லும். 'தமிழ்நாடு' என்ற பெயருக்காக 1956-இல் சங்கரலிங்கனார் உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்தார். 1969-இல்தான் அப்பெயர் மாநிலத்தின் பெயராக நடைமுறைக்கு வந்தது. பெயர் என்பது தலை நிமிர்வு. ஆகவேதான் அதை யார் வளைத்தாலும் நாம் கேள்வி கேட்கிறோம்.

இப்போது தேநீர்க் கடைக்குத் திரும்புவோம். தில்லி இளைஞர் முதலீட்டாளரா, ஆக்கிரமிப்பாளரா?

நாம் கூறுவது சட்டத்தின் தீர்ப்பன்று, அறத்தின் கணக்கு. ஜியோஹாட்ஸ்டார் என்பது மொழியின் பொதுச் சொல்லன்று, அவரே படைத்ததுமன்று. இருவர் வளர்த்த இரண்டு பெயர்களின் ஒட்டு. அந்த இருவரை எடுத்துவிட்டால் ஒட்டில் மதிப்பேதும் எஞ்சாது. கணித்தது அவர் அறிவு, மெய். ஆனால் அடுத்த வீட்டார் எந்தக் கதவால் வருவார் என்று சரியாகக் கணித்துக் கதவடைத்து நிற்பதற்குக் கூலி கேட்க முடியாது. ஆகவே செயல் தவறு என்கிறோம்.

அதே மூச்சில் மற்றொன்றும் சொல்கிறோம். அவர் போலிக் கடை திறக்கவில்லை. பொய்ச் சரக்கு விற்கவில்லை. தம் நோக்கத்தை வெளிப்படையாக எழுதினார். தவறு செய்தவர் என்று சொல்லலாம். கொள்ளைக்காரர் என்று தூற்ற நமக்கு உரிமையில்லை. பொதுமக்களில் பலர் அவர் பக்கம் சாய்ந்ததற்குக் காரணமும் நமக்குப் புரிகிறது: எதிரே நின்றது மலை, இங்கே நின்றது தனி மனிதன். எளியவன் பக்கம் நிற்பது நம் கடமை. எளியவன் செய்வதெல்லாம் நீதி என்பது நம் கொள்கையன்று! இரண்டையும் குழப்பிக்கொண்டால், நாளை ஒரு மணி வந்து நியாயம் கேட்கும்போது, "இவரும் அப்படித்தான்" என்று உலகம் கதவைச் சாத்திவிடும். பொய் வழக்குக்குக் கைதட்டுபவன் மெய் வழக்கின் குரல்வளையை நெரிக்கிறான்.

படிப்புக்காக ஒருவன் ஒரு பெயரை அடகு வைக்க எண்ணினான் என்ற செய்தியில் அழவேண்டிய பகுதி வேறு. உயர்ந்த கல்வி கோடி ரூபாய்க்கு விற்கப்படுகிறது என்பதல்லவா அது? அந்தக் கதவை உடைக்கவேண்டியது போராட்டத்தால். பெருமுதலாளியின் வாசலில் பெயரைக் காட்டி நிற்பதால் அன்று.

அஞ்சுகிராமத்துத் தோழர்களே, எங்குமுள்ள இளைஞர்களே! உங்கள் படிப்பகத்துக்கு, உங்கள் கூட்டுறவுச் சங்கத்துக்கு, உங்கள் கைத்தொழிலுக்கு இணையப் பெயர் வேண்டுமா? இன்றே பதியுங்கள், தமிழிலேயே பதியலாம், 'டாட் இந்தியா' என்று தமிழ் எழுத்தில் முடியும் முகவரிகள் உண்டு. பதிந்ததைப் பயன்படுத்துங்கள். வேறு பெயர் கண்ணில் பட்டு ஆசை எழுந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். இதன் மதிப்பு யார் உழைப்பு? இதை நாம் பயன்படுத்தப் போகிறோமா, பூட்டப் போகிறோமா? நம் பெயரை இன்னொருவன் இப்படிப் பதிந்தால் நாம் பொறுப்போமா? மூன்றாம் கேள்விக்கு உள்ளம் தயங்கினால், கையை எடுத்துவிடுங்கள்.

நாஞ்சில் என்றால் கலப்பை என்றோம். நிலம் வேலி போட்டவனுக்கா, உழுதவனுக்கா என்று கேட்ட இயக்கத்தின் பிள்ளைகள் நாம். பெயருக்கும் அதே கேள்விதான்; அதே விடைதான்.

உழுதவனுக்கே பெயர்!